இளகும் நாற்காலி

சஞ்சய்பாண்டி அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதில் கிளார்க் லோகேஷுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்பது புரியத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அண்ணாச்சி, எந்திரிங்க. கலெக்டரம்மா கார் பைபாஸைத் தாண்டிருச்சாம்."

"எந்திரிக்கத்தான் பாக்கேன்."

"பாத்துக்கிட்டே இருந்தா எப்படி? எந்திரிங்க."

"எந்திரிக்க முடியலைங்கேன்!"

"காலு மரத்துப் போச்சா?"

"காலு நல்லாத்தான்டா இருக்கு. சேருதான் மரத்துப் போச்சு."

லோகேஷ் கிட்டப் போய்ப் பார்த்தான். பொட்டலாங்குறிச்சி ஊராட்சித் தலைவரின் நாற்காலி, தலைவரின் கணவரை இடுப்பு வரைக்கும் விழுங்கி வைத்திருந்தது. இரண்டு கைகளும் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நாற்காலியின் கைகளுக்குள் புதைந்து கிடந்தன. கொழுக்கட்டைக்குள் பூரணம் இருக்குமே, அந்த மாதிரி. பூரணத்தின் மீசை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. லோகேஷ் விரல் முட்டியால் நாற்காலியைத் தட்டினான். டொக் டொக்கென்று கண்ணாடிச் சத்தம் கேட்டது.

"காலையில தட்டினாத்தான இப்படிக் கேக்கும்? மத்தியானம் அல்வா மாதிரில்ல இருக்கும்?"

"அல்வாவாத்தான் இருந்துச்சு. சாப்பிட்டுட்டு வந்து சாஞ்சேன். முழிச்சுப் பாத்தா கல்லாயிருச்சு. ஆமா, ஏன்டா இப்படிக் குளுருது?"

இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். போன வாரம் மாட்டி, இதுவரை ஒரு தடவைகூட ஓடாத புது ஏசி, 'இருபது' என்று பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டு சாதுவாக ஊதிக்கொண்டிருந்தது.

"இதை எவன்டா போட்டது?"

"தலைவரக்காதான். நீங்க தூங்கிட்டிருக்கையில வந்தாக. கலெக்டர் வர்ற நேரம் குளுகுளுன்னு இருக்கட்டும்னு போட்டு விட்டுட்டுப் போனாக."

"என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

"நான் கேட்டேன் அண்ணாச்சி. அசந்து தூங்குறாக, பாவம்னுட்டாக."

"சரி, அமத்தித் தொலை."

"அமத்தணும்னா பெருவிரல் வேணுமே."

அதுதான் சங்கடம். அந்த ஆபீஸில் பீரோ, கம்ப்யூட்டர், தண்ணி மோட்டார், இப்போது ஏசி, எல்லாமே தலைவரின் பெருவிரலுக்குத்தான் கட்டுப்படும். தேர்தலில் ஜெயித்தவள் ஹர்ஷினி. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி அது. ஆனால் ஒன்றரை வருசமாக ஆபீஸ் நடத்துவது சஞ்சய்பாண்டி. "ஹர்ஷினி, ரேகை!" என்று ஒரு குரல் கொடுப்பார். அவள் பக்கத்து வீட்டு அடுப்படியிலிருந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, விரலை வைத்துவிட்டுப் போவாள். காத்திருக்கச் சொன்னால் ஓரமாகக் கிடக்கும் மர பெஞ்சில் உட்காருவாள். ஊராட்சித் தலைவி ஹர்ஷினியின் உடம்பில் பதவி ஏற்றிருந்தது அந்த ஒரு விரல் மட்டும்தான்.

அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. மனைவி ஜெயிப்பதும் புருசன் உட்காருவதும் பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம். சுற்றறிக்கை விட்டுப் பார்த்தார்கள், சட்டம் போட்டுப் பார்த்தார்கள், கேமரா வைத்துப் பார்த்தார்கள். கேமராவின் மேல் துண்டைக் காயப் போட்டார்கள் புருசன்மார். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், மனுசனைத் திருத்த முடியாது, நாற்காலியைத் திருத்துவோம் என்றார். 'உரியவர் இருக்கைத் திட்டம்' பிறந்தது அப்படித்தான்.

பங்குனி மாதத்தில் ஒருநாள் மெர்ஸி என்ற இஞ்சினியர் பெண், வேனில் இரண்டு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு பொட்டலாங்குறிச்சிக்கு வந்து இறங்கினாள்.

"தலைவர் யாருங்க?"

"நாந்தான்," என்றார் சஞ்சய்பாண்டி.

"பேரு ஹர்ஷினின்னு போட்டிருக்கே சார்?"

"அது என் சம்சாரம். நான் வேற, அவ வேறயா?"

"சேருக்கு வேறதான் சார். இது ஒருத்தரோட உடம்புக்குத்தான் பதியும். பதிஞ்சப்புறம் வேற ஆளு உக்காந்தா சரளைக் கல்லு மேல உக்காந்த மாதிரி இருக்கும். பத்து நிமிசம் தாங்காது."

"என்ன மாந்திரீகமா?"

"பாலிமர் சார். உள்ளே நூல் நூலா சங்கிலிங்க பின்னிக்கிட்டுக் கிடக்கும். ஒரு சூட்டுக்குக் கீழே இருந்தா அசையாம விறைச்சு நிக்கும், கண்ணாடி மாதிரி. அந்தச் சூட்டைத் தாண்டிட்டா இளகிரும். இளகினப்ப உரியவரை உக்கார வச்சு ஆற விட்டுட்டா, அவங்க வடிவம் நின்னுரும்."

டீ கொண்டுவந்த ஹர்ஷினி வாசல்படியில் நின்றாள். "எந்தச் சூட்டுல இளகும் பாப்பா?"

கேட்டது யார் என்று மெர்ஸி திரும்பிப் பார்த்தாள். சஞ்சய்பாண்டியும் பார்த்தார். அவளுக்கு என்ன இதெல்லாம் என்பது அவர் பார்வை.

"அது சங்கிலியோட நீளத்தைப் பொறுத்ததுக்கா. ஒண்ணாப்புப் பிள்ளைங்களை டீச்சர் கையைக் கோத்துக் கூட்டிட்டுப் போறாங்கன்னு வைங்க. ரெண்டு ரெண்டு பேரா கோத்துவிட்டா?"

"ஆளுக்கொரு கை சும்மா இருக்கும். ரோட்டுல கெடக்குற கல்லைப் பூரா எடுத்து எறிவானுக."

"அதேதான். நூறு பேரையும் ஒரே சங்கிலியா கோத்துட்டா?"

"நடுவுல இருக்கவன் ரெண்டு கையும் மாட்டிக்கும். ஓரத்துல இருக்க ரெண்டு பேருதான் ஆட முடியும்."

"இங்கேயும் அதே கதைதான். சங்கிலி குட்டையா இருந்தா, சரக்கு பூரா ஓரங்கள்தான். ஓரத்துக்குத்தான் சேட்டை ஜாஸ்தி. தள்ளித் தள்ளி இடம் பண்ணிக்கும். லேசாச் சூடு பட்டாலே ஆட ஆரம்பிச்சு இளகிரும். நீளச் சங்கிலின்னா ஓரம் கம்மி. நல்லாச் சூடு ஏத்தணும்."

"அப்போ நீட்டிக்கிட்டே போனா, சூடும் ஏறிக்கிட்டே போகுமோ?"

"இல்லக்கா, ஒரு அளவோட நின்னுரும். ஆயிரம் பிள்ளைக்கும் ரெண்டாயிரம் பிள்ளைக்கும் நடுவுல என்ன பெரிய வித்தியாசம்? ஓரத்துல நிக்கிற ரெண்டு பேரு கூட்டத்துல தெரியவே மாட்டாங்க."

"நாம தெரியாம இருக்கிற மாதிரி," என்றாள் ஹர்ஷினி. மெர்ஸி சிரித்தாள். சஞ்சய்பாண்டிக்கு அந்த இடத்தில் ஒரு கொட்டாவி வந்தது. மெர்ஸி ஏதோ எச்சரிக்கைகளையும் சொல்லிக்கொண்டே போனாள். அவருக்கு அடுத்த கொட்டாவியும் வந்தது.

"அந்த ரெண்டாவது சேரு யாருக்கு?" என்று ஹர்ஷினி கேட்டபோதுதான் அவர் விழித்தார்.

"அது மலைமேல இருக்கிற ஊருக்குக்கா. குட்டைச் சங்கிலி. உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலேயே இளகிரும். மலையில அந்த அளவுக்கு வெயில் ஏறாது, அதனால பயமில்ல. உங்களுக்கு நீளச் சங்கிலி. கொதிக்கிற தண்ணி ஊத்தினாத்தான் அசையும்."

ஹர்ஷினி மலை நாற்காலியை முந்தானை நுனியால் துடைத்துப் பார்த்தாள். "நல்ல மெத்துன்னு இருக்கும்போல. ம்... அதெல்லாம் நமக்கு எங்க குடுக்கப் போறாக!"

"ஏன் குடுக்க மாட்டாக?" சஞ்சய்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். "மலைக்காரனுக்கு மெத்து, நமக்குக் கல்லா? ஏம்மா, அதை இறக்கு."

"சார், இந்த ஊரு கோடைக்கு அது ஆகாது. மத்தியானமானா இளகிரும்."

"இளகட்டும்! எங்க ஊரே இளகின மனசுக்காரங்க ஊருதான்."

இறக்கியாயிற்று. தரையோடு சேர்த்துப் போல்ட்டும் போட்டாயிற்று. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று திட்டத்திலேயே போல்ட்டுக்கு இடம் வைத்திருந்தார்கள். சுடுதண்ணிப் பையை வைத்து இளக்கிவிட்டு, "உக்காருங்கக்கா," என்றாள் மெர்ஸி. ஹர்ஷினி உட்காரவில்லை. "அவுகளே உக்காரட்டும்மா," என்றாள். மெர்ஸி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வேனில் ஏறிப் போய்விட்டாள்.

அதிலிருந்து சஞ்சய்பாண்டிக்கு ராஜயோகம். காலையில் ஆபீஸைத் திறந்தால் நாற்காலி அவர் வடிவத்திலேயே விறைப்பாக நிற்கும். இடுப்பில் செருகும் பர்ஸ் உட்காரும் குழிகூட அதில் இருந்தது. ஆளில்லாத நேரத்தில் உள்ளே வந்தவர்கள் அந்தக் குழியைப் பார்த்தே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வெயில் ஏறினால் நாற்காலி இளகி, தாய்மடியாகி, அவரைத் தாலாட்டும். சாயங்காலம் வெயில் தாழ்ந்து, அது முழுசாக இறுகுவதற்குள் எழுந்து வந்துவிடுவார். அக்னி நட்சத்திரம் அவருக்கு அப்படி இனித்தது.

இன்றைக்குக் கசந்தது.

"டேய் லோகேஷ், இந்தக் கோலத்துல என்னை அந்தம்மா பாத்தா என்னாகும்?"

"உரியவர் தவிர வேற ஆளு உக்காந்திருந்தா உங்களுக்கு ஜெயிலு. அக்காவுக்குப் பதவி போயிரும். எனக்கு மாறுதல். அநேகமா மலைக்கு."

"இழுடா!"

லோகேஷ் இழுத்தான். அண்ணாச்சியின் சட்டைப் பொத்தான் வந்தது, அண்ணாச்சி வரவில்லை. எதிர்க்கடையிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு டீ வாங்கிவந்து நாற்காலியின் கைமேல் ஊற்றினான். ஊற்றிய இடம் ரவ்வளவு இளகியது. அவர் "ஆ!" என்று அலறிக்கொண்டே சுண்டுவிரலை வெளியே உருவினார். அதற்குள் மிச்சம் ஆறி இறுகிவிட்டது.

இருவரும் அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தார்கள்.

"ஒரு டீக்கு ஒரு விரலு," என்றான் லோகேஷ். "மிச்ச உடம்புக்கு, கேன்ல வாங்கினாலும்..."

"வாயை மூடிட்டு அவளைக் கூப்பிடு!"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஹர்ஷினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மடிப்புக் கலையாத கைத்தறிச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. உள்ளே வந்து, வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா? வா வா. அந்த ஏசிக்கு விரலை வையி."

"எதுக்குங்க? குளுகுளுன்னு இருக்கே."

"குளுகுளுன்னு இருக்குறதாலதான் நான் இப்படி இருக்கேன்! சேரு இறுகிருச்சு. சூடு பட்டாத்தான் விடும்."

"ஐயய்யோ," என்றாள். அந்த ஐயய்யோவில் அவ்வளவாகப் பதற்றமில்லை என்பதை அவர் அப்புறம்தான் யோசித்தார். "அப்போ கலெக்டரம்மாகிட்ட யாரு பேசுவா?"

"நான்தான்... " என்று ஆரம்பித்துத் தன்னைத்தானே ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டார். "நீ பேசு."

"நான் பேசினா ஆபீஸ் செல்லு என்கிட்டல்ல இருக்கணும்?"

"பாக்கெட்டுல இருக்கு, எடுத்துக்க."

எடுத்துக்கொண்டாள். "சீலு?"

"மேசை டிராயர்ல."

"டிராயர் சாவி?"

"அரைஞாண்ல. லோகேஷ், நீ அங்கிட்டுத் திரும்பு."

சாவியும் அவள் கைக்குப் போயிற்று. "இனிமே கூட்டத்துல நாந்தான் உக்காருவேன்."

"உக்காரு."

"நாந்தான் பேசுவேன்."

"பேசு தாயி, பேசு."

"நான் பேசறப்ப நீங்க நடுவுல பேசக் கூடாது."

இதுதான் அவருக்கு இடித்தது. செல்லைக் கொடுத்தார், சீலைக் கொடுத்தார், அரைஞாண் சாவியைக்கூடக் கொடுத்தார். ஆனால் இவள் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பது! அது மனுசனால் ஆகிற காரியமா?

"அதெப்படிம்மா, நீ ஏதாவது தப்பாச் சொல்லிட்டா..."

"அப்போ நீங்களே பேசிக்கோங்க. நான் வீட்டுல அடுப்புல பாலை வச்சிட்டு வந்திருக்கேன்."

"பேசல! பேசல! சத்தியமாப் பேசல!"

"எது மேல?"

"என் சேரு மேல. போதுமா?"

"என் சேரு," என்று திருத்திவிட்டு ஹர்ஷினி எழுந்துபோய், மேசைமேல் கிடந்த ரேகைத் தகட்டில் பெருவிரலை வைத்தாள். ஏசி பெருமூச்சு விட்டு நின்றது. அறை மட்டும் அசையவில்லை. குளிர் குளிராகவே நின்றது. ஜன்னலைத் திறக்கலாமென்றால், வெளியே மேளமும் மாலையுமாக ஊர் பூராவும் நின்றது.

"எவ்வளவு நேரமாகும்?" என்றார் சஞ்சய்பாண்டி.

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் அதற்குப் பதில் சொன்னது. மேளம் முழங்கியது.

ஹர்ஷினி துணிப்பையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து வெள்ளை சாட்டின் துணி ஒன்று வந்தது. கல்யாண மண்டபத்தில் நாற்காலிக்குப் போட்டு, பின்னால் பூப்போல ரிப்பன் கட்டுவார்களே, அந்த உறை.

"அக்கா, கவரு இவ்வளவு பெருசா இருக்கே!"

"சோபாவுக்குப் போடுறதுடா. சாமியானாக் கடையில வாங்கியாந்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு."

"ஏ ஹர்ஷினி, என்ன செய்யப் போற? ஏ..."

வெள்ளை இறங்கியது. அண்ணாச்சி மறைந்தார். ரிப்பனை இழுத்துப் பின்னால் கட்டினாள். அடுத்து, அவர் மடிமேல் பாரம் இறங்கியது.

"அம்மாடி! கனக்குறியே!"

"ஒன்றரை வருசம் பெஞ்சில உக்காந்த கனம். பேச மாட்டேன்னீக."

துணிக்குள் வெளிச்சம் பால்போல இருந்தது. யார் கல்யாணத்திலோ கொட்டின ரசத்தின் வாசனை அடித்தது. செருப்புச் சத்தங்கள் உள்ளே வந்தன.

"வணக்கம். நான் யாழ்மொழி, கலெக்டர். உக்காருங்க தலைவரே, எந்திரிக்க வேண்டாம். இதுதான் அந்த நாற்காலியா? உறையெல்லாம் போட்டு ஜோரா வச்சிருக்கீங்க."

"நீங்க வர்றீகன்னு போட்டோம்மா."

"உடம்புக்குப் பொருந்துதா?"

"கொஞ்சம் மேடு பள்ளம். பழகினா சரியாப் போகும்."

"சூடு?"

"இதமாத்தான் இருக்கு. ஏசியிலயும் ஆறல."

"சத்தம் ஏதாவது வருதா? சில ஊர்ல புகார் வந்திருக்கு."

சொல்லிவைத்தாற்போல அண்ணாச்சியின் வயிற்றில், மத்தியானம் தின்ற மொச்சைக் குழம்பு ஒரு நீண்ட உருட்டு உருட்டியது. லோகேஷுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"லேசா வருதும்மா," என்றாள் ஹர்ஷினி. "சாப்பிட்டப்புறம் மட்டும்."

"குறிச்சுக்கறேன். சரி, ஊரைப் பத்திச் சொல்லுங்க. தண்ணியெல்லாம் எப்படி?"

'எல்லாம் சிறப்பா இருக்கு மேடம்.' இதுதான் பதில். ஒன்றரை வருசமாக வந்த அதிகாரிகள் எல்லோருக்கும் சஞ்சய்பாண்டி சொன்ன பதில். துணிக்குள் அவர் உதடு அசைந்தே விட்டது.

"கிழக்குத் தெருவுக்குத் தண்ணி இல்லம்மா," என்றாள் ஹர்ஷினி. "மோட்டார் புகைஞ்சு போயி மாசக் கணக்காச்சு. பொம்பளைங்க குடத்தைத் தூக்கிட்டு ஓடை தாண்டிப் போறாக. போன வாரம் ஒரு பிள்ளைத்தாச்சி வழுக்கி விழுந்துருச்சு. நல்லவேளை, ஒண்ணும் ஆகல."

"ஏன் மோட்டாரை மாத்தல?"

'ஐயோ, சொல்லிராதடி!' அந்த மோட்டாரை மாட்டியவர் சஞ்சய்பாண்டியின் தங்கை மாப்பிள்ளை. தொண்டை வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. அவள் குதிகால் அவருடைய கால் பெருவிரலைத் தேடிப் பிடித்து அமர்ந்தது.

"மாட்டினது எங்க வீட்டு ஆளு. மாத்தச் சொன்னா மனஸ்தாபம் வரும்னு விட்டுட்டோம். தப்பு எங்க மேலதான். மோட்டாரையும் ஆளையும் மாத்துறதுக்கு அடுத்த கூட்டத்துல தீர்மானம் போடுறேன். ஏன் மாத்தலைன்னு நீங்க எழுதிக் கேட்டீகன்னா எனக்கு வீட்டுல பேச வசதியா இருக்கும்."

கலெக்டர் சிரித்தார். "எழுதிக் கேக்கறேன். அப்புறம்?"

அப்புறம் அவள் பேசிக்கொண்டே போனாள். பள்ளிக்கூடத்துக் கூரையில் எந்த மூலை ஒழுகுகிறது, வேலை அட்டை யார் யாருக்கு வரவில்லை, சுடுகாட்டுப் பாதையை யார் வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பெயரோடு, தெருவோடு. சஞ்சய்பாண்டிக்குக் கல்யாணமாகி இத்தனை வருசத்தில், இவள் வாயிலிருந்து தொடர்ந்தாற்போல இத்தனை வாக்கியம் அவர் கேட்டதில்லை. முடிகிற வரைக்கும் அவர் விட்டதில்லை என்பதுதான் காரணம். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தார். மனு கொடுக்க வந்தவர்கள் தன்னிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, போகிற வழியில் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுப் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெஞ்சில்தான் ஊர் பேசியிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் தூங்கியிருக்கிறார்.

பிள்ளைத்தாச்சி விழுந்தது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. இல்லை, சொல்லியிருப்பார்கள். அவர் குறுக்கே பேசியிருப்பார்.

துணிக்குள் அவருக்குக் கண் கரித்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரி. உங்க வீட்டுக்காரரைக் காணோமே? அவர்தான் இங்க எல்லாம்னு கேள்விப்பட்டேன்."

லோகேஷ் இருமக்கூட மறந்துவிட்டான்.

"இங்கதாம்மா இருக்காக," என்றாள் ஹர்ஷினி. குரல் கொஞ்சம் தழைந்தது. "இன்னைக்குப் பூரா அவுகதான் என்னைத் தாங்கிக்கிட்டிருக்காக. இதுதான் முதல் தடவை."

கலெக்டரின் செருப்பு வாசலை நோக்கி நடந்தது. பாதியில் நின்று, திரும்பி, கிட்டத்தில் வந்தது. துணிக்கு வெளியே அந்தக் குரல் காதோடு கேட்டது.

"தலைவரே, மூச்சு விடுற நாற்காலி இந்த வாரத்துல எனக்கு இது மூணாவது. போன ஊர்ல தும்மிச்சு. உங்களுது தேவலை, அடக்கமா இருக்கு. அடுத்த மாசம் வருவேன். அப்போ மூச்சு விடக் கூடாது. சரியா?"

"சரிங்கம்மா."

"கிளார்க், ஒரு டீ சொல்லுங்க. எனக்கில்ல. ஸ்ட்ரா போட்டு வாங்கிட்டு வாங்க."

கார் போயிற்று. மேளம் அதன் பின்னால் போயிற்று. லோகேஷ் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டான். பொட்டலாங்குறிச்சி வெயில், கூப்பிடக் காத்திருந்த சொந்தக்காரன்போலத் திமுதிமுவென்று உள்ளே வந்தது. ஹர்ஷினி எழுந்து உறையை உருவினாள். சஞ்சய்பாண்டி, தலைமுடி ஒட்டிப்போய், ஸ்ட்ராவில் டீ உறிஞ்சிக்கொண்டு, இளகுவதற்காகக் காத்திருந்தார். முதலில் முழங்கை வந்தது. அப்புறம் இடுப்பு. 'ப்ளக்' என்று ஒரு சத்தத்தோடு மனுசன் முழுசாக வெளியே வந்தார்.

நின்று வேட்டியைச் சரிசெய்யும்போது அவர் கை நின்றது.

"ஏ ஹர்ஷினி."

"ம்?"

"அன்னைக்கு... அந்த மலைச் சேரு. 'நமக்கு எங்க குடுக்கப் போறாக'ன்னு நீதான சொன்ன?"

"நான் என்னத்தைக் கண்டேன்? நீங்கதான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கேட்டு வாங்குனீக."

"ஏசி?"

"கலெக்டருக்குக் குளுகுளுன்னு இருக்கட்டும்னு போட்டேன்."

"சோபாக் கவரு?"

"டீ ஆறுது, குடிங்க."

பையிலிருந்த ஆபீஸ் செல் அடித்தது. எட்ட இருந்தாலும் மெர்ஸியின் குரல் அவருக்கும் கேட்டது. "அக்கா, என்னக்கா சொல்லி வச்சீங்க? சமவெளியில இருக்கிற தலைவிங்க பூரா மலைச் சேருதான் வேணுங்கிறாங்க! மலைக்குக் குடுக்க என்கிட்ட ஸ்டாக்கே இல்ல!"

"அப்புறம் பேசுறேன் பாப்பா, வேலையா இருக்கேன்," என்று வைத்துவிட்டு, ஹர்ஷினி நாற்காலியைப் பார்த்தாள். அவர் எழுந்த பள்ளம் மெல்ல மெல்ல நிரவிக்கொண்டிருந்தது. பர்ஸ் குழிகூட மூடிவிட்டது. சேலையை ஒதுக்கிக்கொண்டு, அதில் உட்கார்ந்தாள். நாற்காலி அவளை வாங்கிக்கொண்டது. ஜன்னலைச் சாத்தச் சொல்லி லோகேஷுக்குக் கண்ணைக் காட்டினாள்.

"விரல் வைக்கணும். அந்த ரேகைத் தகட்டை இங்கிட்டுத் தள்ளு."

லோகேஷ் தள்ளினான். ஏசி மறுபடி ஊதத் தொடங்கியது.

"ஏ, வேண்டாம்மா! மாட்டிக்குவ!" சஞ்சய்பாண்டி நிஜமாகவே பதறினார். "என் கதிதான் உனக்கும்!"

"ஆகாது. கையைப் புதைக்காம வச்சிருந்தா ஊன்றி எந்திரிச்சிரலாம்னு அந்தப் பொண்ணு அன்னைக்கே சொல்லிச்சு. நீங்க கொட்டாவி விட்டுக்கிட்டிருந்தீக." இரண்டு கையையும் மடியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள். "கொஞ்ச நேரம் யாரும் பேச்சுக் குடுக்காதீக. நான் உறையணும்."

அவருக்கு ஏழெட்டு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்தார். சத்தியம் ஞாபகம் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். அறையில் உட்காருவதற்கு இருந்தது அந்த மர பெஞ்சு ஒன்றுதான்.

போய் உட்கார்ந்தார். இப்படி அசைந்து பார்த்தார், அப்படி அசைந்து பார்த்தார். பெஞ்சு அவருக்காகக் கொஞ்சமும் இளகவில்லை.